சிறு நிதியும் பெரியோர் ஆதரவும்: நகராட்சித் தேர்தல்கள் கற்பிக்கும் பாடம்

தேர்தலில் நிற்பவருக்கு வேண்டுவன இரண்டு. ஒன்று பொருள், மற்றொன்று பிறர் சொல். சுவரொட்டி அச்சிடவும், ஒலிபெருக்கி வாடகைக்கு எடுக்கவும், கூட்டத்திற்குப் பந்தல் போடவும் பொருள் வேண்டும். "இவர் நல்லவர், இவருக்கே வாக்களியுங்கள்" என்று ஊரறிந்த ஒருவர் கூறும் சொல்லும் வேண்டும். முன்னதைத் தேர்தல் நிதி என்கிறோம். பின்னதை ஆதரவு என்கிறோம். வாக்குச் சீட்டில் குறியிடும் வேலை ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. ஆனால், வென்றவர் பிறகு யாருக்குக் கடன்பட்டவராய் நடந்துகொள்வார் என்பதை இவ்விரண்டுமே பெரும்பாலும் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகின்றன.

நம் நாட்டில் நகராட்சித் தேர்தலே இல்லையே, இதைப் பற்றி இப்போது ஆராய்வானேன் என்று சிலர் கேட்கலாம். ஒரு காலத்தில் இருந்தது, இன்று இல்லை, மீண்டும் வேண்டும் என்ற குரல் ஓய்ந்தபாடில்லை. ஆதலின் இதன் வரலாற்றையும் நடைமுறையையும் அறிந்துவைத்தல் நமக்கு நன்று. அன்றியும், 2021ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் முதல் 18 வயது நிரம்பிய குடிமக்கள் அனைவரும் தாமாகவே வாக்காளர் பட்டியலில் சேர்க்கப்படுகின்றனர். நம் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்துச் செல்லும் மாணவன் அடுத்த ஆறே ஆண்டுகளில் வாக்காளனாகிவிடுகிறான். அவனிடம் நன்கொடை கேட்பவரும் வருவர். ஆதரவு கேட்பவரும் வருவர்.

முதல் தேர்தல்கள்

மலாயாவில் மக்கள் முதன்முதலாக வாக்களித்தது நாடாளுமன்றத்திற்கன்று; நகராட்சிக்கே. 1950ஆம் ஆண்டு ஊராட்சித் தேர்தல் சட்டத்தின்கீழ், 1951 டிசம்பர் 1இல் பினாங்கு ஜார்ஜ்டவுனில் முதல் தேர்தல் நடந்தது. ஒன்பது இடங்களில் ஆறினைத் தீவிரக் கட்சி வென்றது. அடுத்து 1952 பிப்ரவரி 16இல் கோலாலம்பூர் நகராட்சித் தேர்தல் வந்தது. நாட்டின் அரசியலையே திருப்பிவிட்ட தேர்தல் அது.

டத்தோ ஓன் ஜாபார் தலைமையில் மலாயாச் சுதந்திரக் கட்சி எல்லா இனத்தவரையும் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டு களத்தில் நின்றது. மலாயா இந்தியர் காங்கிரசும் அதற்கே ஆதரவளித்தது. அதனை எதிர்த்து, சிலாங்கூர் மலாயா சீனர் சங்கத்தின் எச். எஸ். லீயும் கோலாலம்பூர் அம்னோவின் யாஹ்யா ரசாக்கும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். சீனர் சங்கம் தன் வாக்காளரை அம்னோ வேட்பாளருக்கு வாக்களிக்கச் சொல்லும். அம்னோ தன் வாக்காளரைச் சீனர் சங்க வேட்பாளருக்கு வாக்களிக்கச் சொல்லும். இதுதான் உடன்பாடு. பன்னிரண்டு இடங்களில் ஒன்பது இவ்விரு கட்சிகளுக்கும் கிடைத்தன; சுதந்திரக் கட்சிக்கு இரண்டு; கட்சி சாராதவருக்கு ஒன்று. ஒரு நகரத்தின் தேர்தலுக்காகக் கொடுத்துப் பெற்ற ஆதரவு, பின்னர்க் கூட்டணிக் கட்சியாய் வளர்ந்து நாட்டையே ஆண்டது. ம.இ.கா. அதில் சேர்ந்தது 1954இல்.

இதிலிருந்து நாம் அறிவது யாது? ஆதரவு என்பது வெறும் வாழ்த்துரை அன்று. அஃது ஒரு கொடுக்கல் வாங்கல். யார் யாருக்கு எதை எதிர்பார்த்து ஆதரவளிக்கிறார் என்பது வெளிப்படையாய் இருந்தால் வாக்காளர் அதை எடை போட முடியும். கோலாலம்பூர் உடன்பாடு ஊரறியச் செய்யப்பட்டது. ஆகவே மக்கள் அதை ஏற்கவோ தள்ளவோ முடிந்தது.

ஈப்போவின் கதை

இனி நம் பேராவுக்கு வருவோம். 1953இல் டி. ஆர். சீனிவாசகம், எஸ். பி. சீனிவாசகம் என்னும் வழக்கறிஞர் சகோதரர் இருவரும் ஈப்போவில் ஒரு கட்சியைத் தோற்றுவித்தனர். அதுவே மக்கள் முற்போக்குக் கட்சி எனப் பெயர் பெற்றது. 1957இல் நடந்த இடைத்தேர்தலில் டி. ஆர். சீனிவாசகம் சட்டமன்றம் புகுந்தார். 1959 பொதுத் தேர்தலில் அக்கட்சி பேராவில் நான்கு நாடாளுமன்ற இடங்களை வென்றது. ஈப்போ நகராட்சியும் 1950களின் இறுதியில் அதன் கைக்கு வந்தது.

இவ்வெற்றியில் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. ஈப்போ வாக்காளரில் பெரும்பாலோர் சீனர். தலைவர்களோ யாழ்ப்பாண வழித்தோன்றலான தமிழர். பணபலமும் ஆட்சிபலமும் கூட்டணிக் கட்சியின் பக்கமே மிகுதியாய் இருந்தன. அப்படியிருந்தும் இச்சகோதரர்கள் வென்றதற்கு, நீதிமன்றத்திலும் நகராட்சியிலும் நாள்தோறும் மக்கள் கண்ட பணி ஒரு காரணம். சீனத்திற்கும் தமிழுக்கும் மொழியுரிமை கேட்டு அவர்கள் எழுப்பிய குரல் மற்றொரு காரணம். மாநிலம் முழுதும் செல்வாக்குப் பெறுவதற்குமுன் ஒரு நகரத்தில் நற்பெயர் பெறுதல் சிறு கட்சிக்கு எளிது, நகரத்தின் எல்லை சிறியது, வீடு வீடாக நடந்தே சென்றுவிடலாம், செலவும் குறைவு. புதியவரும் பொருளற்றவரும் பொதுவாழ்வில் நுழைவதற்கு நகராட்சித் தேர்தல் ஒரு சிறு கதவாய் இருந்தது. 1969 மார்ச்சில் டி. ஆர். சீனிவாசகம் மறைந்தார். ஈப்போவில் அவர் பெயரால் அமைந்த பூங்கா இன்றும் அவரை நினைவூட்டுகிறது.

தோட்ட வேலியோடு நின்ற வாக்கு

நிற்க. அக்காலத்தில் பேராவின் தமிழர்களுள் பெரும்பகுதியினர் இரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்தனர். அவர்களுக்கு இந்நகராட்சித் தேர்தல்களில் இடம் இருந்ததா? பெரும்பாலும் இல்லை. தோட்டம் தனியார் நிலம். லயமும், தண்ணீர்க் குழாயும், சாலையும், ஆலயம் நின்ற மண்ணும் தோட்டத்து நிருவாகத்தின் உடைமை. நகராட்சியின் எல்லை தோட்டத்து வேலிக்கு வெளியே நின்றுவிட்டது. 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி புதுக்கிராமங்கள் பலவற்றில் மக்கள் தேர்ந்தெடுத்த ஊராட்சி மன்றங்கள் அமைந்தன. தோட்டத்திற்கோ அத்தகைய மன்றம் வாய்க்கவில்லை. சாக்கடை அடைத்தால் புதுக்கிராமத்தான் தன் உறுப்பினரைக் கேட்டான். தோட்டத்தான் கிராணியைக் கேட்டான். இந்த வேறுபாட்டின் விளைவு, பின்னாளில் தோட்டத்தைவிட்டு நகர்ப்புறம் வந்த நம் மக்களிடம் நெடுங்காலம் தங்கியது. குப்பை எடுக்காவிட்டால் யாரைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்று அறியாமல் நின்றவர்களைத் தோட்டப் பள்ளி ஆசிரியர் அனைவரும் கண்டிருப்போம்.

ஆனால், ஒன்றாய்க் கூடிச் சிறு பொருள் திரட்டும் கலையில் தோட்ட மக்கள் யாருக்கும் பின்தங்கியவர் அல்லர். இரு சான்றுகள் போதும். மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டிக் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்ற நிதியைத் தொடங்கியபோது, பால்மரம் சீவியவர்கள் ஆளுக்கு ஒரு வெள்ளியாகக் கொடுத்தனர். 1956இல் அங்கு இந்திய இயல்துறை தொடங்கப் பெற்றதில் அவர்கள் பங்கும் உண்டு. மற்றொன்று, தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் அமைத்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். தொழிலாளர் மாதம் பத்து வெள்ளி வீதம் செலுத்தி நூறு வெள்ளிப் பங்கு ஒன்றைப் பெற்றனர். அடுத்த ஆண்டிலேயே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் அச்சங்கத்தின் உடைமையாயிற்று.

இவை தேர்தல் நிதிகள் அல்ல. எனினும் தேர்தல் நிதிக்கு வேண்டிய இலக்கணம் முழுதும் இவற்றில் உண்டு. நோக்கம் தெளிவானது, தொகை சிறியது, கொடுத்தவர் பலர், ஒவ்வொருவருக்கும் பற்றுச்சீட்டு உண்டு, பயன் கண்முன் நிற்கிறது.

சிறு தொகையின் வலிமை

தமிழகத்திலும் இதற்குச் சான்றுண்டு. பெருமுதலாளிகளின் துணை இல்லாத நாளில் திராவிட முன்னேற்றக் கழகம் நாடகம் நடத்தியும் மாநாட்டு நுழைவுச் சீட்டு விற்றும் பொருள் திரட்டியது. 1959இல் சென்னை மாநகராட்சியைக் கைப்பற்றி அ. பொ. அரசுவை மேயராக்கியது. 1967 பொதுத் தேர்தலுக்குப் பத்து இலட்சம் உரூபாய் திரட்டும் பொறுப்பை மு. கருணாநிதி ஏற்றார், பதினொரு இலட்சம் திரட்டிக் கொடுத்தார். விருகம்பாக்கம் மாநாட்டில் அண்ணா, சைதாப்பேட்டை வேட்பாளர் 'பதினொரு இலட்சம்' என்றே அறிவித்தார் என்பது பலரும் அறிந்த செய்தி.

நம் நாட்டில் மலாயா சீனர் சங்கம் 1950களின் தொடக்கத்தில் உறுப்பினர்களுக்குக் குலுக்குச் சீட்டு விற்று, அவ்வருவாயைப் புதுக்கிராம மக்களின் நலனுக்குச் செலவிட்டது. பொருளோடு செல்வாக்கும் வளர்ந்தது. 1953இல் டெம்ப்ளர் ஆட்சி அரசியல் கட்சிகள் குலுக்குச் சீட்டு நடத்துவதைத் தடை செய்தது. பிற்காலத்தில் பொதுக்கூட்டத்தில் வாளியோ அட்டைப்பெட்டியோ சுற்றி வருதலும், மேசைக்கு இவ்வளவு என்று விருந்துச் சீட்டு விற்றலும் வழக்கமாயின.

சிறு தொகையால் வரும் நன்மை இரண்டு. ஐந்து வெள்ளி கொடுத்தவன் அந்த வேட்பாளரை மறக்கமாட்டான், வாக்களிக்கவும் தவறமாட்டான், அண்டை வீட்டாரிடமும் பேசுவான். இது முதலாவது. இரண்டாவது நன்மையை ஒரு கணக்கால் விளக்கலாம். 1954ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டம் வேட்பாளரின் செலவுக்கு வரம்பு கட்டியுள்ளது. நாடாளுமன்றத்திற்கு 200,000 வெள்ளி. சட்டமன்றத்திற்கு 100,000 வெள்ளி. நகராட்சி முதலிய ஊராட்சி அமைப்புகளுக்கு 10,000 வெள்ளி. சிறு ஊராட்சி மன்றத்திற்கு 3,000 வெள்ளி. தேர்தலே நின்றுபோன பின்னும் அதன் செலவு வரம்பு சட்டத்தில் எழுதப்பட்டிருப்பது ஒரு விந்தை.

இப்பொழுது கணக்கிடுவோம். 10,000 வெள்ளியை ஒரே ஒப்பந்தக்காரர் கொடுத்தால், வென்றவர் முகம் பார்க்க வேண்டியது ஒருவரை. ஆளுக்கு ஐந்து வெள்ளி என்றால் 2,000 பேர் கொடுக்க வேண்டும். அவர்களுள் எவரும் "சாலை போடும் குத்தகையை எனக்கே கொடு" என்று கேட்க முடியாது. "சாலையைப் போடு" என்றுதான் கேட்பர். 3,000 வெள்ளிக்கு 600 பேர் போதும். ஒரு நடுத்தரத் தோட்டத்தின் பெற்றோரும் பழைய மாணவரும் சேர்ந்தால் அந்த எண்ணிக்கை வந்துவிடும். வகுப்பறையில் வகுத்தல் கணக்காகவும் இதைச் சொல்லிக் கொடுக்கலாம்.

வெளிநாட்டு நகரங்கள் சில இக்கருத்தைச் சட்டமாகவே செய்துள்ளன. அமெரிக்காவின் சியாட்டில் நகர மக்கள் 2015இல் வாக்களித்து ஏற்ற திட்டப்படி, நகரவாசி ஒவ்வொருவருக்கும் 25 டாலர் மதிப்புள்ள சீட்டு நான்கு வழங்கப்படுகிறது. அவர் விரும்பும் நகர வேட்பாளருக்கு அவற்றைக் கொடுக்கலாம். பணத்தை நகராட்சி தரும். 2017 தேர்தலில் இம்முறை நடைமுறைக்கு வந்தது. நியூயார்க் நகரில், திட்டத்தில் சேர்ந்த வேட்பாளருக்கு நகரவாசி ஒருவர் 10 டாலர் கொடுத்தால், நகராட்சி நிதியிலிருந்து 80 டாலர் வரை சேர்க்கப்படும். பத்து டாலர் தொண்ணூறாகிறது. அதற்கு ஈடாக வேட்பாளர் தம் வரவு செலவு அனைத்தையும் தணிக்கைக்கு உட்படுத்த வேண்டும்.

ஆதரவின் வகைகள்

ஆதரவினை மூவகையாகப் பிரித்துக் காணலாம். கட்சிகள் ஒன்றுக்கொன்று அளிக்கும் ஆதரவு ஒன்று. சங்கம், ஆலய நிருவாகம், வணிகர் கழகம் போன்ற அமைப்புகள் அளிக்கும் ஆதரவு இரண்டு. ஊரில் மதிப்புப் பெற்ற தனி மனிதர் அளிக்கும் ஆதரவு மூன்று.

இவற்றுள் இரண்டாவதே நம்மிடையே சிக்கல் மிக்கது. ஆலயத் தலைவர் மேடையேறி, "நம் ஆலய மக்கள் அனைவரும் இவருக்கே" என்று கூறுகிறார். அவருக்கு அந்த உரிமையைக் கொடுத்தவர் யார்? உறுப்பினர் கூட்டம் கூடிற்றா? தீர்மானம் நிறைவேறிற்றா? அல்லது கூரைக்குத் தகரம் தருவதாக வேட்பாளர் சொன்னதனால் பிறந்த ஆதரவா? நன்கொடை பெற்றுக்கொண்டு ஆதரவளிப்பது, ஆலயத்து மக்களின் நம்பிக்கையை அவர்களைக் கேளாமலே விலை பேசுவதாகும். மதத்தின் பெயரால் தீங்கு வரும் என்று அச்சுறுத்தி வாக்குக் கேட்பதையும், வாக்கைக் கருதி உணவும் குடியும் வழங்குவதையும் தேர்தல் குற்றச் சட்டம் குற்றமென்றே கொள்கிறது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வகையில் ஆசிரியர் வருகிறார். தோட்டத்தில் தலைமையாசிரியர் சொல்லுக்கு ஒரு தனி மதிப்புண்டு. ஆதலால் அவரைத் தேடி வேட்பாளர் வருவது இயல்பே. ஆனால், 1993ஆம் ஆண்டுப் பொது அதிகாரிகள் நடத்தை விதிகள் உயர்நிலைச் சேவைப் பிரிவிலுள்ள அரசு அலுவலர் அரசியலில் தீவிரமாக ஈடுபடுதலைத் தடுக்கின்றன. பட்டதாரி ஆசிரியரும் அப்பிரிவினரே. வாக்களிக்கும் உரிமை நமக்குண்டு. வாக்குக் கேட்கும் உரிமை இல்லை. இவ்விதி சரியே என்பது என் கருத்து. பள்ளிக்கு எல்லாக் கட்சிப் பிள்ளைகளும் வருகின்றனர். தேர்தல் நேரத்தில் பள்ளிக்குக் கொடை அறிவிப்பவரை வாயிலிலேயே திருப்பி அனுப்ப வேண்டுமென்பதில்லை. "நன்றி, தொகையை எழுத்தில் தாருங்கள், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் பெயரில் தாருங்கள், தேர்தல் முடிந்தபின் தந்தாலும் மகிழ்ச்சியே" என்று மரியாதையாய்ச் சொல்லலாம். அப்படிச் சொன்னபின் வரும் கொடை உண்மைக் கொடை.

நின்றுபோன தேர்தல்

1963இல் நடந்தவையே இந்நாட்டின் கடைசி நகராட்சித் தேர்தல்கள். 1965 மார்ச் 1இல், இந்தோனேசியாவோடு ஏற்பட்டிருந்த மோதலைக் காரணங்காட்டி அரசாங்கம் அவற்றை நிறுத்தி வைத்தது. ஊராட்சி அமைப்புகளை ஆராயச் செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் ஓர் அரச விசாரணைக் குழு அமைந்தது. 1968இல் அக்குழு தன் அறிக்கையை முடித்து, மக்கள் தேர்ந்தெடுக்கும் முறையே தொடர வேண்டுமெனப் பரிந்துரைத்தது. அப்பரிந்துரை ஏற்கப்படவில்லை. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. 2012இல் பினாங்கு மாநிலம் தேர்தலை மீட்கத் தனிச்சட்டம் இயற்றியது. 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் அம்முயற்சிக்கு இடந்தரவில்லை.

இன்று ஈப்போ மாநகர் மன்றத்திற்கும் பிற மன்றங்களுக்கும் உறுப்பினரை மாநில அரசே நியமிக்கிறது. 8 பேருக்குக் குறையாமலும் 24 பேருக்கு மேற்படாமலும் நியமிக்க வேண்டும். பதவிக்காலம் மூன்றாண்டுக்கு மிகக்கூடாது. நியமனத்திலும் ஆதரவு உண்டு என்பதை மறத்தலாகாது. வாக்காளரின் ஆதரவுக்குப் பதில் கட்சித் தலைமையின் ஆதரவு வேண்டியிருக்கிறது, அவ்வளவே. முன்னது ஒலிபெருக்கியில் கேட்கப்பட்டது. பின்னது அறைக்குள் கேட்கப்படுகிறது.

தேர்தல் மீண்டால் நகரங்களில் இனப்பிளவு வளரும் என்று அஞ்சுவோரும் உளர். அவர்தம் அச்சத்தை எள்ளி நகையாடுதல் முறையன்று. ஆனால் மேலே கண்ட வரலாற்றையும் அவர்கள் கருத வேண்டும். கோலாலம்பூரில் மலாய்க்காரரையும் சீனரையும் ஓரணியில் சேர்த்தது நகராட்சித் தேர்தலே. சீன வாக்காளர் மிகுந்த ஈப்போவில் தமிழர் இருவர் தலைவரானதும் நகராட்சித் தேர்தல் காலத்தில்தான். பணச்செல்வாக்கு புகுந்துவிடும் என்பது மற்றோர் அச்சம். அதற்கு மருந்து, வரம்பும் தணிக்கையும், தேர்தலை ஒழிப்பதன்று.

கணக்குக் காட்டாதவர் நிற்கலாகாது

இக்கருத்து நமக்குப் புதிதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விளக்குகின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிந்திருந்தது. 35 வயதுக்கு மேலும் 70 வயதுக்குக் கீழும் உள்ளவராய், வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் உடையவராய் இருப்பவர் பெயரே குடத்தில் இடப்பட்டது. அது பிராமணர் சபை; எல்லா மக்களுக்கும் அங்கு உரிமை இருந்ததில்லை. அக்குறையை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் நிற்கலாகாது. அவர்தம் நெருங்கிய உறவினரும் நிற்கலாகாது என்று ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குமுன் கல்லில் வெட்டி வைத்தனரே, அவ்விதி இன்றைக்கும் பொருந்தும்.

நகராட்சித் தேர்தல் நம் கையில் இல்லை. ஆனால் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தேர்தல் நம் கையில் இருக்கிறது. ஆலயப் பொதுக்கூட்டம் இருக்கிறது. கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் இருக்கிறது. அங்கே வரவு செலவு அறிக்கையை, "வாசித்ததாகக் கொள்வோம்" என்று தள்ளிவிடாமல் வரி வரியாய் வாசிக்கச் செய்வோம். ஒரு வெள்ளி கொடுத்தவருக்கும் பற்றுச்சீட்டுக் கொடுப்போம். "இவருக்கு நான் ஆதரவு" என்று சொல்பவரிடம், "எதற்காக?" என்று கேட்கும் பழக்கத்தை மாணவத் தலைவர் தேர்விலேயே பிள்ளைகளுக்கு ஏற்படுத்துவோம். தோட்டத்து வேலி போய்விட்டது. தோட்டங்களிற் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. புந்தோங்கிலும் பிற குடியிருப்புகளிலும் வாழும் நம் மக்கள் இன்று நகரத்தார். அவர்கள் செலுத்தும் வீட்டு வரியில்தான் மாநகர் மன்றமும் நடக்கிறது. அந்தப் பணத்திற்கும் கணக்குக் கேட்கும் உரிமை அவர்களுக்குண்டு. அதைக் கேட்கும் துணிவும் முறையும் பள்ளியிலிருந்தே வரவேண்டும்.